மலைப்பாதையில் ஓடும் பழைய காருக்கு ஏற்ற பிளக்கு



மோட்டார் வண்டியின் உறுப்புகளிலே அளவாலும் விலையாலும் சிறியது பிளக்கு. ஆயினும், காலையில் வண்டி புறப்படுவதும் புறப்படாமல் நின்றுவிடுவதும் பல வேளைகளில் அந்தச் சிறு பொருளையே பொறுத்திருக்கின்றன. ஊவா மலைநாட்டிலே, எல்ல, தெமோதரை, பண்டாரவளை, பசறை ஆகிய இடங்களைச் சுற்றியுள்ள பாதைகளில் நாள்தோறும் ஓடும் பழைய கார்களுக்கு எத்தகைய பிளக்கைத் தெரிந்தெடுக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பழைய கார் என்றவுடன் பிற நாட்டார் கண்காட்சிப் பொருளையே நினைப்பர். நம் நாட்டில் நிலைமை வேறு. அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியியலறிஞர் அமைத்து, 1948ஆம் ஆண்டில் வெளிவந்த மொறிஸ் மைனர் கார், இன்றும் இலங்கையில் உழைத்து ஓடும் வண்டிகளுள் ஒன்று. இதற்குக் காரணம் உண்டு. 1960களிலிருந்து 1977ஆம் ஆண்டில் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, புதிய கார்களின் இறக்குமதி மிகவும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. இருந்த வண்டியைப் பழுது பார்த்து ஓட்டும் கலையை நம் மெக்கானிக்குகள் அக்காலத்திலேயே கைவரப் பெற்றனர். பின்னர், 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய வண்டிகளின் மதிப்பு மேலும் உயர்ந்தது.

தோட்டப்புறத்தில் இவ்வண்டிக்கு வேறொரு பெறுமதியும் உண்டு. பிரதான வீதியிலிருந்து லயங்களுக்குச் செல்லும் பாதை பெரும்பாலும் ஒற்றைத் தடம். மழைக்காலத்தில் கல்லும் சேறும் நிறைந்தது. இலவச நோயாளர் வண்டிச் சேவை இன்று நாட்டில் உண்டு. அது பெரும் நன்மையே. எனினும், நள்ளிரவில் பிரசவ வேதனை கண்ட ஒரு பெண்ணைப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல, அயலில் நிற்கும் வாடகைக் காரையே முதலில் தட்டியெழுப்பும் வழக்கம் இன்னும் மறையவில்லை. அவ்வேளையில் அந்தக் கார் முதல் முயற்சியிலேயே உயிர் பெற வேண்டும். ஆகவே, பிளக்கைப் பற்றிய அறிவு பொழுதுபோக்கன்று.

பிளக்கு செய்யும் வேலை என்ன? எஞ்சினின் சிலிண்டருக்குள் பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்து அமுக்கப்படுகின்றன. கொயில் தரும் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம், பிளக்கின் நடுமுனைக்கும் ஓரமுனைக்கும் இடையிலுள்ள சிறு வெளியைத் தாண்டும்போது பொறி எழுகிறது. அப்பொறி கலவையைக் கொளுத்துகிறது. ஜெர்மனியில் ரொபர்ட் பொஷ் நிறுவனத்தைச் சேர்ந்த கொட்லொப் ஹொனோல்ட் என்பவர், உயர் அழுத்த மின்னால் இயங்கும் பொறியமைப்பை 1902ஆம் ஆண்டில் பயன்படத்தக்க நிலைக்குக் கொண்டுவந்தார். அதன் அடிப்படைத் தத்துவம் இன்றளவும் மாறவில்லை.

பொறி தருவது பிளக்கின் ஒரு கடமை. தன் மூக்கின் வெப்பத்தைச் சரியான அளவில் வைத்திருப்பது மற்றொரு கடமை. பிளக்கைத் தெரிந்தெடுப்பதில் உள்ள சூட்சுமம் முழுவதும் இவ்விரண்டாவது கடமையிலேயே அடங்கியிருக்கிறது. நடுமுனையைச் சூழ்ந்துள்ள வெண்பீங்கான் மூக்கு ஏறக்குறைய 450 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான், அதன்மீது படியும் கரி தானாக எரிந்து நீங்கும். அதற்குக் கீழே இருந்தால் கரி படிந்துகொண்டே போகும். கரி மின்சாரத்தைக் கடத்தும் தன்மையுடையது, ஆதலால், மின்சாரம் வெளியைத் தாண்டாமல் கரியின் வழியே ஒழுகிவிடும், பொறி எழாது. மறுபுறம், மூக்கின் வெப்பம் 850 பாகையைத் தாண்டினால், அது தணல்போல் கனன்று, பொறி எழுமுன்னரே கலவையைக் கொளுத்திவிடும். இவ்வாறு முந்தி எரிதல் நீடித்தால் பிஸ்டன் உருகித் துளைபடவும் கூடும்.

மூக்கு ஏற்ற வெப்பம், அதிலிருந்து பிளக்கின் இரும்பு உடலுக்கும், உடலிலிருந்து சிலிண்டர் ஹெட்டுக்கும், அங்கிருந்து தண்ணீருக்கும் வடிந்து போகிறது. தேயிலை மலையில் வெட்டப்படும் கானை நினைத்துப் பாருங்கள். குறுகிய தூரத்தில் நேராகச் சரியும் கான் மழைநீரை விரைவில் வடித்துவிடும். நீண்டு செல்லும் கானில் நீர் மெல்லவே வடியும். அவ்வாறே, பீங்கான் மூக்குக் குட்டையான பிளக்கில் வெப்பம் விரைந்து வடிகிறது. அதனைக் குளிர்ப் பிளக்கு என்பர். மூக்கு நீண்ட பிளக்கில் வெப்பம் தங்கி நிற்கிறது. அதனைச் சூட்டுப் பிளக்கு என்பர். சூட்டுப் பிளக்கு அதிகச் சூடான பொறியைத் தரும் என்று சிலர் எண்ணுவது பிழை. இரண்டும் தரும் பொறி ஒன்றே. வேறுபாடு மூக்கு தாங்கி நிற்கும் வெப்பத்தில் மட்டுமே உள்ளது.

இனி நம் மலைப்பாதைக்கு வருவோம். எல்ல நகரம் கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்குச் சற்று மேலே உள்ளது. பண்டாரவளையும் அப்புத்தளையும் அதனிலும் உயர்ந்தவை. பதுளை ஏறக்குறைய 680 மீற்றரில் உள்ளது. ஆயிரம் மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சரியாகப் பூட்டிய காபரேட்டர் இங்கே வந்தால், காற்றின் அளவுக்குச் சற்று மிகுதியாகப் பெற்றோலைக் கொடுக்கும். மொறிஸ் மைனரில் உள்ள எஸ்.யூ. காபரேட்டர் எஞ்சினின் இழுப்புக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் இயல்புடையதாயினும், காற்று மெலிந்ததை முழுமையாக ஈடு செய்வதில்லை. கலவையில் பெற்றோல் மிகுந்தால் கரியும் மிகும்.

இதனோடு மலைநாட்டுக் குளிரும் சேர்கிறது. மார்கழி, தை மாதங்களின் அதிகாலையில் எஞ்சின் சூடேற நேரமாகும். சோக் கயிற்றை இழுத்தபடியே சிறிது தூரம் ஓட்டி, பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கி, கடையில் நிறுத்தி, மீண்டும் வீடு திரும்பும் காரின் பிளக்கு, கரி எரிந்து நீங்கும் வெப்பநிலையை எட்டாமலே நாட்களைக் கழிக்கிறது. பள்ளத்தில் இறங்கும் போதும் இதே தொல்லைதான். இரண்டாம் கியரில் எஞ்சினைத் தடையாகக் கொண்டு இறங்கும்போது, சிலிண்டருக்குள் எரிதல் குறைந்து பிளக்கு ஆறிவிடுகிறது. தேய்ந்த எஞ்சினாயின், அவ்வேளையில் எழும் இழுப்பு வால்வின் வழியாகவும் ரிங்கின் வழியாகவும் எண்ணெயை உள்ளே உறிஞ்சிக் கொள்கிறது. பள்ளத்தின் அடியில் மீண்டும் பெடலை அழுத்தியவுடன் வண்டி இருமுவதற்குக் காரணம் இதுவே.

ஆனால் அதே கார் மறுநாள் வெல்லவாய சென்று திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லையிலா வளைவுகளைக் கொண்ட அந்தப் பாதை, இராவணா எல்ல நீர்வீழ்ச்சியைக் கடந்து, 27 கிலோமீற்றரளவில் எண்ணூறு மீற்றருக்கு மேல் இறங்குகிறது. திரும்பும்போது அவ்வளவு உயரத்தையும், சமவெளியின் உச்சிவெயிலில், நான்கைந்து பேரையும் மூட்டைகளையும் சுமந்து ஏற வேண்டும். பெடல் முழுவதும் அழுந்தியிருக்க, தாழ்ந்த கியரில் நீண்ட நேரம் உழைக்கும் எஞ்சினில் பிளக்கு கடுமையாகச் சூடேறுகிறது. ஆகவே, ஒரே வண்டியின் ஒரே பிளக்கு, ஒரு நாள் கரியையும் மறுநாள் கனலையும் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

இவ்விரு நிலைகளுக்கும் ஈடுகொடுக்க ஒரு நல்ல அமைப்பு உண்டு. அது பீங்கான் மூக்கு உடலுக்கு வெளியே சற்று நீண்டு நிற்கும் பிளக்கு. மூக்கு தீச்சுவாலையின் உள்ளே நிற்பதால், மெதுவாக ஓடும்போது விரைவில் சூடேறிக் கரியை எரிக்கிறது. பெடலை அழுத்தி ஓட்டும்போது, உள்ளே பாயும் குளிர்ந்த கலவை அதன்மீது பட்டு ஆற்றுகிறது. எனவே, மலைநாட்டுக் காருக்கு, எஞ்சினில் அதற்கு இடமிருந்தால், இவ்வகையே உகந்தது.

குறிப்பாகச் சொல்வதாயின், 1952ஆம் ஆண்டிற்குப் பின் மொறிஸ் மைனரில் பொருத்தப்பட்ட மேல்வால்வு எஞ்சின்களுக்கு, அவை 803, 948, 1098 கன சென்ரிமீற்றர் ஆகிய எவ்வளவினதாயினும், மரையின் விட்டம் 14 மில்லிமீற்றரும் மரையின் நீளம் 19 மில்லிமீற்றரும் உள்ள பிளக்கு வேண்டும். பழைய கையேடுகளில் சாம்பியன் என்5 என்று குறிக்கப்பட்டிருக்கும். இன்று அவ்வெஞ்சின்களுக்குப் பெரிதும் வழங்குவன, நீட்டிய மூக்குடைய சாம்பியன் என்9வை வகையும், அதற்கு இணையான என்.ஜி.கே. பி.பி.6 ஈ.எஸ். வகையும் ஆகும். 1948 முதல் வந்த 918 கன சென்ரிமீற்றர் பக்கவால்வு எஞ்சினுக்கோ மரையின் நீளம் 12.7 மில்லிமீற்றரே. ஒன்றுக்குரியதை மற்றொன்றில் பொருத்தலாகாது. நீண்ட மரை குட்டைத் துளைக்குள் சென்றால், அதன் நுனி வெளியே துருத்திக் கனன்று நிற்கும். வால்விலோ பிஸ்டனிலோ மோதவும் கூடும். குட்டை மரை நீண்ட துளையில் அமர்ந்தால், மீதியுள்ள மரையிற் கரி அடைத்துக்கொள்ளும். வொக்ஸ்வாகன் பீட்டில் கார்களில் வழக்கமாக வருவதும் 12.7 மில்லிமீற்றர் மரையே. ஆதலால், பழைய பிளக்கைக் கையிற் கொண்டுசென்று, புதியதோடு பக்கத்திற் பக்கமாக வைத்து அளந்து வாங்குவதே நன்று.

எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. என்.ஜி.கே., டென்சோ ஆகிய ஜப்பானிய நிறுவனங்களின் குறியீட்டில் எண் கூடக்கூடப் பிளக்கு குளிர்ந்ததாகும். சாம்பியன் நிறுவனத்தின் குறியீட்டிலும் பொஷ் நிறுவனத்தின் இக்காலக் குறியீட்டிலும், எண் கூடக்கூடப் பிளக்கு சூடானதாகும். எனவே, என்.ஜி.கே. 6 இல்லை என்று கடைக்காரர் 7ஐத் தந்தால், அவர் தருவது சூட்டுப் பிளக்கன்று, குளிர்ப் பிளக்கு. நிறுவனம் மாறும்போது எண்ணை எண்ணோடு ஒப்பிடாமல், அந்நிறுவனங்கள் வெளியிடும் ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்தே வாங்குதல் வேண்டும்.

அப்படியாயின், கரி படியும் காருக்கு ஒரு படி சூடான பிளக்கைப் போடலாமா? போடலாம், ஆனால் வேறு காரணங்கள் இல்லையென்று அறிந்த பின்னரே போடலாம். சோக் முழுவதும் திரும்பாமல் சிக்கியிருக்கலாம். காற்றுவடி தூசியால் அடைபட்டிருக்கலாம். காபரேட்டர் மலைக்கேற்பத் திருத்தப்படாமல் இருக்கலாம். வெப்பநாடு என்று கருதி, எஞ்சினின் தேர்மோஸ்டாட்டைச் சிலர் எடுத்தெறிந்து விடுவர். எல்ல போன்ற குளிரிடத்தில் அவ்வெஞ்சின் ஒருநாளும் உரிய சூட்டை அடையாது. இவற்றையெல்லாம் திருத்திய பின்னும் நான்கு பிளக்குகளும் கறுத்தே வந்தால், வண்டியும் ஊருக்குள்ளேயே சிறு தூரம் ஓடுவதானால், பி.பி.5 ஈ.எஸ். என்னும் ஒரு படி சூடானதைப் பொருத்தலாம். வெல்லவாயப் பாதையில் சுமையோடு ஏறும் வண்டிக்கு அது வேண்டாம். ஐயம் வந்தால் குளிர்ந்த பக்கத்திலே நிற்பதே அறிவுடைமை. கரி பிடித்த பிளக்கை வழியோரத்தில் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்தலாம்; துளைபட்ட பிஸ்டனுக்கு வழியோரத்தில் மருந்தில்லை.

பிளக்கே தன் நோயைச் சொல்லும். நல்ல ஏற்றமொன்றில் ஏறி முடித்தவுடன், எஞ்சினை வீணே ஓடவிடாமல் நிறுத்தி, ஆறிய பின் பிளக்குகளைக் கழற்றி வரிசை மாறாமல் வைத்துப் பாருங்கள். மூக்கு இளம்பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எல்லாம் நலம். 2002ஆம் ஆண்டில் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் ஒழிந்தது. அதன் பின்னர் இந்நிறம் முன்னையிலும் வெளிறியே காணப்படும். பழைய புத்தகங்களின் படங்களைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. உலர்ந்த கருந்தூள் படிந்திருந்தால், பெற்றோல் மிகுதி அல்லது பிளக்கு மிகக் குளிர்ந்தது. ஈரமாகப் பளபளக்கும் கருமையென்றால் எண்ணெய் ஏறுகிறது. அது பிளக்கின் குற்றமன்று, எஞ்சினின் மூப்பு. மூக்கு வெண்சுண்ணாம்பு போலாகி, சிறு கொப்புளங்கள் எழுந்திருந்தால், பிளக்கு மிகச் சூடேறுகிறது. அப்போது டைமிங்கையும் கலவையையும் தண்ணீரையும் உடனே பார்க்க வேண்டும். நான்கில் ஒன்று மட்டும் வேறுபட்டால் அந்தச் சிலிண்டரிலோ அதற்குச் செல்லும் வயரிலோ குறையுண்டு. நான்கும் ஒன்றுபோல் கறுத்தால் காபரேட்டரிலோ பிளக்கின் வகையிலோ குறையுண்டு.

வாங்கிய பிளக்கைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே பூட்டிவிடுதல் கூடாது. மேலே சொன்ன மொறிஸ் எஞ்சின்களுக்கு முனைகளின் இடைவெளி 0.025 அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.64 மில்லிமீற்றர். இக்காலப் பிளக்குகள் பெரும்பாலும் இதைவிட அகன்ற இடைவெளியோடு வருகின்றன. இடைவெளி அகன்றால் பொறி தாண்ட அதிக மின்னழுத்தம் வேண்டும். குளிர்ந்த விடியலில், சோர்ந்த பற்றரியும் பழைய கொயிலும் அதனைத் தர இயலாமல் தடுமாறும். பீலர் கேஜ் கொண்டு அளந்து, ஓரமுனையை மட்டும் மெல்ல வளைத்துச் சரிசெய்க; நடுமுனையை நெம்பினால் பீங்கான் வெடித்துவிடும். பழையதைக் கழற்றுமுன் சுற்றியுள்ள தூசியை ஊதிவிடுக. புதியதைக் கையாலேயே முழுவதும் திருகி, வாஷர் அமர்ந்த பின், சாவியால் அரைச் சுற்று அல்லது அதற்குச் சற்று மேலாக இறுக்கினாற் போதும். ஏற்கெனவே அமர்ந்த வாஷராயின், பன்னிரண்டில் ஒரு சுற்றே போதுமானது.

மின்னின் திசையும் கருதத்தக்கது. சூடான நடுமுனைக்கு எதிர்மின் வரும்படி கொயில் இணைக்கப்பட்டிருந்தால், பொறி எளிதில் தாண்டும். பழைய மொறிஸ் வண்டிகளில் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் அதனை எதிர்முனைக்கு மாற்றியவர்கள், கொயிலின் இரு வயர்களையும் இடம் மாற்ற மறந்திருந்தால், நல்ல பிளக்கும் மலைக்குளிரில் மந்தமாகவே நடக்கும்.

வானொலி நேயர்களுக்கென்றே ஒரு செய்தி உண்டு. என்.ஜி.கே. குறியீட்டில் ஆர் என்னும் எழுத்து சேர்ந்து வந்தால், அப்பிளக்கினுள் ஒரு மின்தடை இருக்கிறது. பொறி எழும்போது பரவும் வானொலி இரைச்சலை அது தணிக்கும். காரில் பழைய வானொலிப் பெட்டியை வைத்து மத்திய அலையைக் கேட்க விரும்புவோர் இவ்வகையைப் பொருத்தலாம். எஞ்சினின் வலுவிற் குறை எதுவும் தோன்றாது. மின்னணு முறைக்கு மாற்றப்பட்ட வண்டிகளில் இவ்வகையே பாதுகாப்பானது.

பிளாட்டினம், இரிடியம் ஆகிய அரிய உலோகங்களால் முனை செய்த பிளக்குகள் இன்று கிடைக்கின்றன. அவற்றின் நடுமுனை மிக மெல்லியது, குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி தரும், நெடுநாள் உழைக்கும். சரியான வெப்பவகையில் கிடைத்தால் அவை தீங்கு செய்யா. ஆனால், எண்ணெய் ஏறும் பழைய எஞ்சினில் அவையும் கறுத்துத்தான் போகும். சாதாரணப் பிளக்கை ஏறக்குறைய 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை கழற்றிச் சோதித்து, 20,000 கிலோமீற்றரளவில் மாற்றிவிடுவது சிக்கனமானது. அதுவே பழைய கையேடுகளின் முறையுமாகும். புகழ்பெற்ற பெயர்களில் போலிகளும் விற்கப்படுகின்றன. அச்சு மங்கியதாகவும், மரை கரடுமுரடாகவும், ஓரமுனை கோணலாகவும் உள்ள மலிவுப் பிளக்கை விலக்குக.

எல்லவின் மலை இடுக்கு வழியே ஏறிவரும் பனிமூட்டத்தையும் மறக்கலாகாது. வெடித்த பழைய வயரிலும், ஈரம் படிந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் மின்சாரம் ஒழுகினால், எவ்வளவு நல்ல பிளக்கும் பயன் தராது. மழைக்காலம் தொடங்கும் ஐப்பசிக்கு முன்னரே வயர்களை மாற்றி, மூடியை உட்புறமும் வெளிப்புறமும் உலரத் துடைத்து வைத்தல் வேண்டும்.

சுருங்கச் சொல்வதாயின், பிளக்கைப் பெயராலும் விலையாலும் தெரிந்தெடுக்காமல், வண்டி நாள்தோறும் செல்லும் வழியாலும், கழற்றிய பிளக்கு காட்டும் நிறத்தாலும் தெரிந்தெடுக்க வேண்டும். தொழிற்சாலை விதித்த வகையில் தொடங்குக. காரணம் கண்டபின் ஒரு படி மட்டும் நகர்க. உங்கள் வண்டிக்குப் பொருந்திய எண்ணையும் இடைவெளியையும் பொனட்டின் உட்புறத்தில் எழுதி வையுங்கள். இடைவெளி அளந்து வைத்த நான்கு பிளக்குகள், ஒரு பிளக்குச் சாவி, ஒரு டோர்ச் விளக்கு ஆகியவற்றைத் துணியிற் சுற்றி, ஆசனத்தின் அடியில் வைத்திருங்கள். நள்ளிரவில் யாரேனும் வந்து கதவைத் தட்டினால், அந்தச் சிறு பொட்டலம் ஓர் உயிருக்குத் துணையாகும்.